பந்து தட்டத் தகுதியுள்ளவர்கள்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. இங்கே உன் அக்காவும் அமோகமாக இருக்கிறாள். பத்து வருடமாக என்னைப் படுத்திய அவளுடைய முட்டிவலிகூடப் போய்விட்டது. என் உடம்புக்கும் ஒன்றுமில்லை. மனசு எப்படியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரி விடுங்க அத்தான்" என்று சொல்லிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து கடைசிவரை படி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனைக்கும் காரணம் நீ. போன விடுமுறைக்கு வந்தபோது எங்கள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "லாப நோக்கமில்லாத பொழுதுபோக்குக் குழுன்னா நகராட்சியே இடம் குடுக்கும் அத்தான். எங்க ஆபீஸ்ல அந்த ஃபைலை நான்தான் பார்க்கிறேன். ஒரு மனு போடுங்க, அவ்வளவுதான்" என்றாய். அந்த அவ்வளவுதானில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதற்கு முன்னால் நாங்கள் எப்படியிருந்தோம் என்று உனக்குத் தெரியும். பிளம்பருடைய கிடங்கில் ஒரு மேசை, ஒரு வலை, நாலு மட்டை. நான், பிளம்பர், கணக்கு வாத்தியார், பஸ் டிரைவர். நாலு பேரும் ஓய்வு பெற்றவர்கள், நாலு பேரையும் வீட்டில் யாரும் தேடுவதில்லை. பந்து தவறினால் ஏதாவதொரு குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும். எந்தக் குழாய் என்று நாங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாய்ப்போம். விளையாடிய நேரத்தைவிடக் குழாய் சாய்த்த நேரம் அதிகம். ஆனாலும் அந்த மாலைகள் எங்களுடையவையாக இருந்தன. டிரைவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, இடது கையால் ஆடப் பழகினார். முதலில் மட்டையே கையில் நிற்கவில்லை. அப்புறம் பந்து மேசையில் விழுந்தது. அப்புறம் ஒரு நாள் என்னையே தோற்கடித்தார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் கோணிப்போன வாய் நேராகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கிடங்கை பிளம்பரின் மகன் வாடகைக்கு விட்டுவிட்டான். மேசை தெருவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் உன் வாய்ராசி வேலை செய்தது. நான் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பொழுதுபோக்குப் பிரிவில் சின்ன வயது அதிகாரி ஒருத்தி. நல்ல பெண், உட்காரச் சொன்னாள்.

"எத்தனை உறுப்பினர் சார்?"

"நாலு பேர்."

"இருபது பேராவது வேணும். அதோட, குழு எல்லாருக்கும் திறந்ததா இருக்கணும். வயசு, ஆண் பெண், ஆடத் தெரியும் தெரியாது, எதைக் காரணம் காட்டியும் யாரையும் வேண்டாம்னு சொல்லக் கூடாது."

"ஆடத் தெரியாதவங்க மேசைப்பந்துக் குழுவில என்னம்மா பண்ணுவாங்க?"

"கத்துப்பாங்க சார்."

அந்தப் பதிலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. ஆள் பிடிக்கக் கிளம்பினேன். வாழ்நாள் முழுவதும் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, "இது தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்டவன், வீடு வீடாகப் போய், "பந்து தட்டுவீங்களா, தட்டலைன்னாலும் பரவாயில்லை" என்று கேட்டேன். உன் அக்காவிடமும் கேட்டேன். "எனக்கெதுக்கு? பந்து போற வேகத்தைப் பார்த்தாலே தலை சுத்துது" என்றாள். "நீ வரவே வேண்டாம், பேரை மட்டும் குடு" என்றேன். பேரைக் கொடுத்தாள். அவளோடு காலையில் நடக்கப் போகிற பெண்கள் அத்தனை பேரின் பேரையும் சேர்த்துக் கொடுத்தாள். மாடி வீட்டு அம்மா முதல் சலவைக்கடைக்காரரின் மாமியார் வரை எல்லோரும் சேர்ந்தார்கள். இருபதுக்கு மேலேயே போயிற்று. நான் மார்தட்டிக்கொண்டேன்.

ஆனால் விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி ஒரு பேரில் விரலை வைத்தாள். டிரைவர் பேர்.

"இவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கார். அது வேற நகராட்சி சார். நம்ம எல்லைக்குள்ள குடியிருக்கிறவங்கதான் உறுப்பினராகலாம்."

உடம்புக்கு முடியாமல் போன பிறகு அவர் மகள் வீட்டில்தான் இருக்கிறார் என்று சொன்னேன். அந்த அலுவலக ஜன்னலில் நின்றால் அவர் வீடே தெரியும் என்றேன். "மொட்டை மாடியில துணி காயுது பாருங்க, அந்த நீலச் சட்டை அவருடையதுதான்" என்றேன்.

"சட்டை தெரியலாம் சார். அது அங்கதானே காயுது?"

"எங்க குழுவை ஆரம்பிச்சதே அவர்தாம்மா."

"அந்த நகராட்சியிலயும் குழுக்கள் இருக்கு சார். நீச்சல் குழு இருக்கு."

"அவருக்கு ஒரு கைதான் வேலை செய்யுது."

அவள் விதிகள் இருந்த தாளைப் புரட்டினாள். பிறகு, "விருந்தினரா வரட்டும். உட்கார்ந்து பார்க்கலாம். ஆனா ஆடக் கூடாது, பொருளைத் தொடக் கூடாது. காப்பீடு உறுப்பினர்களுக்கு மட்டும்தான்" என்றாள்.

இதை டிரைவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வாய்க்கால் பாலத்தில் நின்று யோசித்துவிட்டுப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "பரவாயில்லப்பா. என் பஸ்ல இத்தனை வருஷம் ஜனங்க சும்மா உட்கார்ந்துதானே வந்தாங்க. இப்ப நான் உட்கார்றேன்" என்றார். அவர் மகள் உள்ளே போய்விட்டாள். கொடுத்த காபியைக் குடிக்காமல் நான் வந்துவிட்டேன்.

சரி, கூடம் கிடைத்தது. வெளிச்சமான அறை, மின்விசிறி, தண்ணீர்க் குழாய், சுத்தமான கழிப்பறை. அங்கேதான் வினை. பேரை மட்டும் கொடுத்தவர்கள், பேருக்குப் பின்னாலேயே ஆளாக வந்துவிட்டார்கள். முதலில் சுவரோரம் உட்கார்ந்து நாங்கள் ஆடுவதைப் பார்த்துக் கை தட்டினார்கள். பந்து மேசையில் விழுந்தாலும் கை தட்டினார்கள், விழாவிட்டாலும் தட்டினார்கள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். "கொஞ்சம் மெதுவா ஆடுங்களேன், ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேட்கலை" என்று மாடி வீட்டு அம்மா என்னிடம் சொன்னாள். மேசைப்பந்து மன்றத்தில், மைத்துனா! தலைவரிடம்!

தலைவர் பதவியும் அதிக நாள் நிற்கவில்லை. நகராட்சி ஆதரவு பெறுகிற குழு முறையாகத் தேர்தல் நடத்த வேண்டுமாம். நடத்தினோம். பிளம்பர் என் பேரைச் சொன்னார். மாடி வீட்டு அம்மா உன் அக்கா பேரைச் சொன்னாள். உன் அக்கா "ஐயோ, எனக்கு வேண்டாம்பா" என்றாள். அப்படிச் சொல்லும்போதே எழுந்து நின்றுவிட்டாள் என்பதை நான் கவனித்தேன். அவளுக்கு ஒரு அறை நிறையக் கைகள் உயர்ந்தன. எனக்கு இரண்டு கை. ஒன்று பிளம்பருடையது, இன்னொன்றும் பிளம்பருடையது. கணக்கு வாத்தியார், தான் நடுநிலை என்றார். இத்தனை வருடம் அவர் மட்டைக்கு ரப்பர் ஒட்டிக் கொடுத்தவன் நான்.

புதிய தலைவர் வந்ததும் புதிய ஏற்பாடு. பெரும்பான்மையோர் விரும்புவது இசையோடு உடற்பயிற்சியாம். அதனால் வாரத்தில் பாதி நாள் மேசை கிடையாது. அதை மடித்துச் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள். அதன் விளிம்பில் கைப்பைகளை மாட்டுவார்கள். இருபது பெண்களும் சலவைக்கடைக்காரரும் கையைத் தூக்கி இறக்குவார்கள். கணக்கு வாத்தியாரும் பின்வரிசையில் நின்று தூக்கி இறக்குகிறார். முட்டிவலி எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறதா?

அப்படி ஒரு நாளில்தான் டிரைவர் வந்தார். மேசை இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாலத்தைத் தாண்டி, காலை இழுத்து இழுத்து வந்திருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மடித்து வைத்த மேசையண்டை போய் நின்றார். ஒரு கைப்பையை மெல்ல நகர்த்திவிட்டு இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். அவ்வளவுதான் செய்தார். கூடத்துக் காவலாளி அங்கிருந்தே, "ஐயா, விருந்தினர் பொருளைத் தொடக் கூடாது" என்று குரல் கொடுத்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வீட்டுக்குப் போனால், "டி.வி. நல்லாத்தான் இருக்குப்பா" என்கிறார். என்னை வழியனுப்ப வந்த மகள், "அப்பா கைப்பயிற்சியையே விட்டுட்டார் மாமா. டம்ளரைக்கூட நான்தான் பிடிக்கிறேன்" என்றாள்.

அன்றைக்கு வீட்டில் உன் அக்காவைக் கேட்டேன்.

"நீதானே தலைவர்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"என்கிட்டயே விதி பேசறியா?"

"வேற யார்கிட்ட பேசறது? நீங்கதானே கொண்டுவந்தீங்க. கத்தாதீங்க, கீழ்வீட்டுக்குக் கேட்கும்."

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். நாலு பேர் மனசுவிட்டுச் சிரித்த ஓர் இடத்தை நாற்காலி போட்டு நிரப்பிவிட்டீர்கள், ஆரம்பித்த மனிதரை வெளியே நிறுத்திவிட்டு எல்லோருக்கும் திறந்த குழு என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள், இதில் எனக்கு இடம் வேண்டாம், ராஜினாமா செய்கிறேன் என்றேன். யாராவது ஒருத்தர் "இருங்க சார்" என்று சொல்வார்கள் என்று நின்றேன். கை தட்டினார்கள். பழக்கதோஷம். உன் அக்கா, "ராஜினாமா நன்றியுடன் ஏற்றுக்கொள்ளப்படுகிறது" என்றாள்.

நன்றியுடன்!

ஆகவே மைத்துனா, நீ எனக்குச் செய்ய வேண்டியது இதுதான். நீ இதே துறையில் இருக்கிறவன். இங்கே உள்ளவர்களுக்கு நாலு வரி எழுதி, இந்தக் குழுவுக்குக் கொடுத்த கூடத்தைத் திரும்பப் பெறச் சொல். லாப நோக்கமற்ற குழு என்பதே பொய். உன் அக்கா அடைந்திருக்கும் லாபத்துக்கு அளவே இல்லை: முட்டி சரியானது, பதவி வந்தது, புருஷன் வாயடைத்துப் போனான். இதைச் செய்யாவிட்டால் நம் உறவு வாசலோடு சரி. அடுத்த விடுமுறைக்கு நீ வந்தால் அந்த சோபாவில் உனக்கு இடமில்லை. அவளிடமும் நான் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேசுகிறேன். இது என் முடிந்த முடிவு.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தக் குழுவிலும் சேராமல், எந்தக் குழுவுக்கும் தலைவராகாமல், நீண்ட நாள் நிம்மதியாக வாழ என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
முன்னாள் தலைவர், முன்னாள் உறுப்பினர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உன் அக்கா உள்ளே வந்தாள். பின்னாலேயே டிரைவர். நீலச் சட்டை போட்டிருந்தார். விஷயம் என்னவென்றால், குடியிருப்புத் தகுதி உறுப்பினர்களுக்கு மட்டும்தானாம். சொல்லிக் கொடுக்கிறவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாமாம், அவருக்கும் காப்பீடு உண்டாம். நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் தினமும் அந்த அதிகாரி மேசை முன்னால் போய் உட்கார்ந்து இதை வாங்கியிருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்கதான் சாப்பாட்டைத் தவிர எதுவும் பேசறதில்லையே" என்கிறாள். டிரைவர் இனி மன்றத்தின் பயிற்சியாளர். சலவைக்கடைக்காரரின் மாமியார்தான் முதல் மாணவி. நாளைக்கு ஆரம்பம். எனவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே, யாருக்கும் எழுதாதே, சோபாவில் தாராளமாக உட்காரலாம். ஒரே ஒரு சிக்கல். ராஜினாமா செய்துவிட்டதால் நான் மறுபடி சேர வேண்டுமானால் தலைவருக்கு முறைப்படி மனுக் கொடுக்க வேண்டுமாம். நீ ஃபைல் பார்க்கிறவன், உடனே பதில் எழுது: கட்டின மனைவிக்கு எழுதுகிற மனுவில் 'பணிவுடன்' என்று போட வேண்டுமா? போட வேண்டும் என்கிறாள் உன் அக்கா.