மும்புவாவின் மாமரத்தடி மண்

அடுக்கிவைத்த தட்டுகளில் புழுக்கள் கறுத்துச் செத்துக் கிடந்தன. ஞாயிறு ஆராதனையைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்த மும்புவா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மாக்குவேனி ஆய்வுக்கூடத்தில் பழ ஈ வளர்ப்பது அவள் வேலை. அவள் வளர்த்த ஈக்களை நைரோபிக்காரர்களே கேட்டு வாங்கிப் போவார்கள். பழ ஈயைக் கொல்லும் நுண்ணுயிர் எந்த மண்ணிலாவது இருக்கிறதா என்று டாக்டர் கியாலோ வருடக்கணக்காக ஊர் ஊராகத் தோண்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். சோதிக்க உயிருள்ள ஈ வேண்டுமே. நாளை மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் ஆய்வையே மூடிவிடுவார்கள்.

போன வாரம் சில புழுக்கள் செத்தபோது பப்பாளித் தீனியைச் சந்தேகித்து மாற்றினாள். இன்னும் செத்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். பாதி போயிற்று. புழு கூடுகட்ட மண்ணுக்குள்தான் இறங்கும். படுக்கை போதவில்லை போலிருக்கிறது என்று மேலும் இரண்டு மூட்டை மண் கொட்டினாள். மொத்தமும் போயிற்று.

டாக்டர் வந்து பார்த்தார். ஒரு தட்டின் மண்ணைக் கிளறினார். பிறகு, "மண்ணு எங்கேருந்து?" என்றார்.

"கடை மணல் போன வாரமே தீந்துபோச்சு. எங்க வீட்டு மாமரத்தடி மண்ணு."

"கிருமி சாகற மாதிரி வறுத்துத்தானே போட்டே?"

மும்புவாவுக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டு மண்ணை வறுக்கச் சொல்றதும், நீ குளிச்சியான்னு என்னைக் கேக்கறதும் ஒண்ணுதான் டாக்டர். ஊர்ல எந்த மாம்பழத்தை அறுத்தாலும் இதே புழு நெளியுது. எங்க மரத்துல ஒண்ணு காட்டுங்க பாப்போம். அவ்வளவு சுத்தமா கூட்டி வெச்சிருக்கேன்."

சாட்சிக்கு, விருந்தாளிகளுக்கென்று கொண்டுவந்திருந்த பழக்கூடையை முன்னால் தள்ளினாள். டாக்டர் அதைப் பார்க்கவில்லை. நாளை வருகிறவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மூட்டைகளை வண்டியில் ஏற்றிவந்த டிரைவர் முன்யாவ் ஒரு பழத்தை எடுத்து வாசற்படியில் உட்கார்ந்து அறுத்தான். உள்ளே புழு இல்லை. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான். பழத்தைப் பார்த்தான், தட்டுகளைப் பார்த்தான்.

"மன்னிப்பு எதுக்கு டாக்டர்? அக்கா மரத்துலயும் புழு பிழைக்கல, அந்த மரத்தடி மண்ணுலயும் பிழைக்கல. நாளைக்கு வர்றவங்களுக்கு இந்தப் பிணங்களையே காட்டுங்க. இதைத் தேடித்தானே இத்தனை வருஷமா ஊர் ஊரா மண்ணைத் தோண்டினீங்க?"