பெரியவரின் இமேஜும் என் இமேஜும்

எட்டு மாதத்து ரகசியம் ஒன்றை இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக் காத்து வந்தவன் நான். அதை அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அடியோடு அழித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது எப்போதும் நான்தான். முடித்து வைப்பது என் மனைவி.

விஷயம் பெரியவர் படுத்ததில் ஆரம்பித்தது. பெரியவர் என்றால் மாமனார் இல்லை. சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர். என் மனைவி வீட்டிலேயே எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறாள். கோட்டிலும் யூனிஃபார்மிலும் பெயர் போட்டுக் கொடுப்பது தொழில். மெஷினுக்கு எழுத்தையும் படத்தையும் அனுப்புகிற சாஃப்ட்வேர் பெரியவருக்குள் இருக்கும் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். புதுசில் போட்டால் முகம் திருப்பிக்கொள்ளும்.

பெரியவரைக் கிளப்ப, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்ட வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு பலமாக என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை. அந்தத் திங்கட்கிழமை காலை வித்தை பலிக்கவில்லை.

"என்னங்க, பெரியவர் கண்ணைத் திறக்கல."

"தட்டினியா?"

"தட்டினேன்."

"பலமா?"

"உங்களை நினைச்சுக்கிட்டே தட்டினேன். அதுக்கும் எழுந்திரிக்கல."

சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவன் நின்றுவிட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது நர்ஸ் கோட்டு முடித்தாக வேண்டும். நாற்பதும் மடிப்புக் கலையாமல் நாற்காலியில் காத்திருந்தன.

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். பெரியவரைத் திறந்து பார்த்தேன். போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. "கவலைப்படாதே, இவருக்கு ஒரு இமேஜ் எடுத்துடறேன்" என்றேன்.

"போட்டோ எடுத்து மாட்டுற அளவுக்கா போயிட்டாரு?"

"அந்த இமேஜ் இல்லம்மா. டிஸ்க்கை அப்படியே, ஆப்பரேட்டிங் சிஸ்டம், சாஃப்ட்வேர், உன் டிசைன் எல்லாத்தோடயும் ஒரே ஒரு ஃபைலா ஆக்கிடலாம். அந்த ஃபைலை என் லேப்டாப்ல திறந்தா, லேப்டாப்புக்குள்ள பெரியவர் உக்காந்து வேலை செய்வாரு. உள்ளே இருக்கிறவரை விருந்தாளின்னுதான் எங்க தொழில்ல சொல்லுவோம்."

"புரிஞ்சுது. எங்கம்மா இங்க வந்து தங்குற மாதிரி. வீடு நம்மளுது, சட்டம் அவங்களுது."

பதினைந்து வருஷமாக நான் ஆபீசில் புதியவர்களுக்கு அரை மணி நேரம் விளக்குவதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

டிஸ்க்கைக் கழற்றி, கேபிள் மாட்டி, இமேஜ் எடுத்து முடிக்க அஞ்சு மணி நேரம் ஆயிற்று. லேப்டாப்பில் ஒரு சின்னச் சதுரம் திறந்தது. அதற்குள் பெரியவரின் பழைய ஆரம்ப இசை. அதே பச்சை மலை. அதே இடத்தில் அதே டிசைன்கள். அவள் சதுரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "பெரியவர் இளைச்சுட்டாரு" என்றாள். அன்றைக்கே மெஷின் ஓடியது. எனக்குத் தலை கால் புரியவில்லை. மறுநாள் ஆபீசில் லிஃப்ட்டில் ஏறாமல் படியில் ஏறினேன்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவள் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"பட்டன் அக்காகிட்டயும் இதே மெஷின்தான். அவங்க பழைய கம்ப்யூட்டரும் போயிடுச்சாம், இப்ப ஒரு லேப்டாப்தான் இருக்காம். பெரியவரை ஒரு காப்பி போட்டுக் கொடுத்துடலாமா?"

பட்டன் அக்கா என்றால் கடைத்தெருவில் பட்டனும் நூலும் விற்பவர். என் மனைவிக்குப் பாதித் தோழி, பாதி அக்கா.

இங்கேதான் அந்த ரகசியத்தைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் வேலை போனது. வீட்டில் சொல்லவில்லை. புது மனைவி. புதுக் கௌரவம். தினமும் இஸ்திரி போட்ட சட்டை, கையில் டிபன் பாக்ஸ், ஒன்பது மணிக்கு டாட்டா. போய் உட்கார்ந்தது லைப்ரரியில். எட்டு மாதம். பழைய கம்பெனி கையில் கொடுத்து அனுப்பியதையே சம்பளம் என்று சொல்லிச் சமாளித்தேன். சாயங்காலம் பெரியவரிடம் உட்கார்ந்து வேலைக்கு லெட்டர் அடிப்பேன். மறுநாள் சாயங்காலம் ஃப்ளாப்பியில் ஏற்றி, அதற்கடுத்த நாள் வெளியே பிரிண்ட் போட்டு அனுப்புவேன். மொத்தம் நாற்பத்தோரு லெட்டர். யாரும் தொடாத பெயராக யோசித்து, 'பழைய கரண்ட் பில்' என்ற ஃபோல்டரில் ஒளித்து வைத்திருந்தேன். நாற்பத்தோராவது லெட்டருக்கு இந்த லிஃப்ட் கம்பெனி வேலை கிடைத்தது. அதன் பிறகு ஃபோல்டரை அழிக்கக் கை வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

டிஸ்க் இமேஜைக் கொடுப்பது அலமாரியைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி. உள்ளே இருக்கிற கிழிந்த பனியனும் சேர்ந்தே போகும்.

"அப்படியே கொடுக்கக் கூடாதும்மா. முதல்ல சுத்தம் பண்ணணும்."

"தினம் தொடச்சுத்தானே வச்சிருந்தேன்?"

"உள்ளே சுத்தம் பண்ணணும்."

"உள்ளே என்ன அழுக்கு?"

"அது... டெக்னிக்கல் அழுக்கு. இமேஜ் கெட்டுப் போயிடும்."

"யாரோடது?" என்று கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் நூல் வாங்கக் கிளம்பினாள். படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் லேப்டாப்பைத் திறந்து, பெரியவரை எழுப்பி, ஃபோல்டருக்குள் நுழைந்தேன். அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு லெட்டரைப் படிக்கலாமே என்று தோன்றியது. அதுதான் நான் செய்த தப்பு.

மூன்றாவது லெட்டர் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு. 'சிறு வயது முதல் தங்கள் பிஸ்கட்டையே சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.' நன்றாகத்தான் இருந்தது. நான்காவது ஒரு டயர் கம்பெனிக்கு. கம்பெனிப் பெயரையும் பொருளையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். 'சிறு வயது முதல் தங்கள் டயரையே சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.' எழுதியதை மறுபடி படிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஒன்பதாவது இப்படி முடிந்தது: 'என்னைச் சேர்க்காவிட்டால் நஷ்டம் எனக்கல்ல.'

வெட்கத்தோடு கடைசி லெட்டருக்குத் தாவினேன். வேலை வாங்கித் தந்த மகாராசனாயிற்றே. அதில் ஒரு வரி: 'எனக்குத் தெரியாதவை நிறைய உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கேட்டுக் கற்றுக்கொள்வேன்.'

இது நான் எழுதியதல்ல. என் பரம்பரையிலேயே யாரும் இப்படி எழுத மாட்டார்கள்.

அப்போது சட்டென்று ஞாபகம் வந்தது. இன்டர்வியூவில் மேனேஜர், "இந்த ஒரு வரிக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார். எந்த வரி என்று நான் கேட்கவில்லை. வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார், காட்டிக்கொள்ள வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

லெட்டரைக் கடைசியாகச் சேமித்த நேரம் பக்கத்திலேயே இருந்தது. இமேஜ் எடுத்தால் அதுகூட மாறாமல் வரும். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. அந்த நேரத்தில் நான் லைப்ரரியில் இருந்தேன். வீட்டில் பெரியவரும் அவளும் மட்டும்தான் இருந்தார்கள். பெரியவருக்குச் சொந்தமாக எழுத வராது.

பதினான்காவது லெட்டரிலிருந்து எல்லாமே காலை பதினொன்று, பன்னிரண்டு.

அவள் நூல் பையோடு வந்து நின்றபோது நான் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். திரையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"அழிச்சுட்டீங்களா?"

"எப்ப தெரியும் உனக்கு?"

"பத்தாம் நாளே தெரியும். கேஸ் தீர்ந்துபோச்சுன்னு உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன். 'அவர் போய் பத்து நாளாச்சே'ன்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. அப்புறம்தான் வேலையை விட்டுப் போனதைச் சொல்றாங்கன்னு புரிஞ்சுது. வேலைதானே போச்சுன்னு சந்தோஷமா போனை வச்சேன்."

"அப்புறம்?"

"மறுநாள் பின்னாலயே வந்தேன். லைப்ரரியில சின்னப் பிள்ளைங்க பக்கம் உக்காந்திருந்தீங்க."

"அங்கதான் ஃபேன் இருந்துச்சு."

"கையில யானைப் படம் போட்ட புத்தகம். தலைகீழா." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஜன்னல் வழியா பார்த்துட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடிச்சதும் பெரியவரைத் தட்டி எழுப்பினேன்."

"ஃபோல்டரை எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நம்ம வீட்டுல கரண்ட் பில் கட்டுறது யாரு?"

எப்போதும் கட்டுவது அவள்தான்.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா மறுநாள்லேருந்து வீட்டுல உக்காந்திருப்பீங்க. தினம் அவ்வளவு கம்பீரமா கிளம்பிப் போனீங்க. அதைக் கெடுக்க மனசு வரல." நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல் பதிமூணைத் திருத்த முடியல. ஏற்கெனவே அனுப்பிட்டீங்க. டயரை நினைச்சு ராத்திரி போர்வைக்குள்ள சிரிச்சிருக்கேன். குளிருதான்னு கேட்டீங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரலில் ஊசி குத்திய பழைய தழும்புகள். இருபத்திரண்டு வருஷம் கழித்து இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாததால், தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"சரி, நாம ரெண்டு பேரும் பார்த்தாச்சு. இப்ப இந்த ஃபோல்டரை அழிச்சுட்டு, பட்டன் அக்காவுக்கு நல்ல காப்பியா போட்டுத் தரேன்."

"வேண்டாம். செவ்வாய்க்கிழமையே கொடுத்துட்டேன்."

"எப்படி?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒரே ஒரு ஃபைல்னு? ஒரு ஃபைலை எடுத்து வைக்கிறதுக்கு இன்ஜினியர் எதுக்கு?"

"முந்தாநாள்தானே கொடுக்கலாமான்னு என்னைக் கேட்ட!"

"கேக்காம செஞ்சா உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னு கேட்டேன்."

"கரண்ட் பில்லும் அதுக்குள்ள இருக்கே!"

"அதுக்காகத்தான் கொடுத்தேன்." என் கையை விடாமலே சொன்னாள். "அக்கா வீட்டுக்காரருக்கு வேலை போய் மூணு மாசமாச்சு. ஒரு இடத்துக்கும் போக மாட்டேங்கிறாரு. சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்காராம். சாப்பிடுன்னா சாப்பிடுறாரு, அவ்வளவுதான். அக்கா கடையில அழுதாங்க. எனக்கு யானைப் புத்தகம் ஞாபகம் வந்துடுச்சு."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அந்த ஆளின் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும். பரவாயில்லை, என் லெட்டரைப் பார்த்தாவது ஒரு மனிதன் எழுந்து நிற்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அந்தப் பெருமையில் இருக்கும்போதே அவள் போன் அடித்தது. பட்டன் அக்காதான். போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினாள்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும்!" அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இவரு காலையில ஒரு சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கிட்டு, லெட்டர் எழுதி எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு!"

"ரொம்ப சந்தோஷம்க்கா. என் லெட்டரைப் படிச்சாரா?"

"முதல் பதிமூணையும் படிச்சாரு தம்பி. மூணு மாசத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சாரு. 'இப்படி எழுதினவருக்கே ஒருத்தன் வேலை கொடுத்திருக்கான்னா, எனக்குக் கொடுக்க மாட்டானா?'ன்னாரு!"