டிராகனுக்கு வந்த ஆட்சேபம்

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார் என்று தொடங்குவதுதான் முறை. இந்தக் காட்டிலும் இருந்தார், ஆனால் அவரை யாரும் மதிப்பதில்லை. மதிப்பெல்லாம் அரசு முத்திரைக்குத்தான். அதில் சிறகை விரித்து, தீயைக் கக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு டிராகன் நின்றது. டிராகனை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதனாலேயே அதன்மேல் எல்லோருக்கும் ஒரு மரியாதை. அந்த முத்திரை விழாத காகிதத்தைக் கழுதைகூடத் தின்னாது.

முள்ளழகன் என்ற ஓணானுக்கு அப்போது ஒரு முத்திரை அவசரமாகத் தேவைப்பட்டது. அவன் மனைவி செவ்வந்தி பாதையோர மண்மேட்டில் முட்டையிட்டிருந்தாள். பாதையை அகலப்படுத்தும் காட்டுப்பன்றிகள் மூக்கால் கிளறிக்கொண்டே வந்தன. குடியிருப்புச் சான்று இருந்தால் மேட்டைச் சுற்றிப் போகும். இல்லாவிட்டால் முட்டையோடு சேர்த்துக் கிளறிவிடும். மூன்று நாள் வரிசையில் நின்று கவுண்டரை அடைந்தால், கிளார்க் எருமை அசைபோடுவதை நிறுத்தாமல் சொன்னது:

“முத்திரை குத்துறதை நிறுத்தி வச்சிருக்கு. டிராகன் மேல மத ஆட்சேபம். கமிட்டி போட்டிருக்காங்க.”

சிறகு முளைத்த பாம்பு பிசாசின் வடிவம் என்று தங்கள் ஏட்டில் இருப்பதாகக் கீரி மடத்துச் சாமியார் கண்டுபிடித்திருந்தார். தீ கக்கும் உரிமை வானத்துக்கு மட்டுமே என்றார்கள் வௌவால் சபையார். சுத்த சைவ மான்களுக்கு அந்தப் பல் ஆகவில்லை. நேற்றுவரை இதே முத்திரை குத்திய ரேஷன் கார்டைக் காட்டிப் பொருள் வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும். இன்று திடீரென்று மனம் புண்பட்டுவிட்டது. உடம்பில் புண் என்றால் பச்சிலை உண்டு, மனத்தில் புண் என்றால் கமிட்டிதான்.

கமிட்டி இழுத்தடித்தால் முட்டைகள் என்னாவது? பன்றிகள் அடுத்த வளைவுக்கே வந்துவிட்டன. கமிட்டிக் கூட்டத்தில் முள்ளழகன் எழுந்து கும்பிட்டான்.

“யாருக்கு எது ஆகலையோ அதை மட்டும் அழிச்சிடுங்க சாமி. மிச்சம் இருக்கறதை முத்திரையா வச்சுக்கலாம்.”

இவ்வளவு புத்திசாலித்தனமான யோசனையை இந்தக் காடு கேட்டதே இல்லை என்று ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதை உங்களுக்குத் தெரியும். ஓணானே மடி தேடிப் போய் விழுந்த கதை இது.

சிறகு போயிற்று. தீ போயிற்று. பல்லும் போயிற்று. மத்தியானத்துக்குள் புது முத்திரை தயார். எருமை முதல் வேலையாக முள்ளழகனின் சான்றில் ஓங்கி ஒரு குத்துக் குத்தியது. பிறகு காகிதத்தைப் பார்த்தது, முள்ளழகனைப் பார்த்தது, மறுபடியும் காகிதத்தைப் பார்த்தது. நீண்ட வால், முதுகில் முள், நிமிர்ந்த கழுத்து.

சாமியாருக்குச் சேதி போயிற்று. இல்லாத மிருகத்தை முத்திரையில் வைத்தால் வெறும் தப்பு, உயிரோடு திரியும் மிருகத்தை வைத்தால் மகாபாவம் என்று அவர் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அவரோடு ஒத்துப்போகாத வௌவால்களும் மான்களும் அன்றைக்கு ஒத்துப்போயின. முத்திரையை மாற்ற வேண்டுமானால் இன்னொரு கமிட்டி போட வேண்டும். அதற்கு எல்லோருக்கும் அலுப்பாக இருந்தது. ஓணானை மாற்றுவது சுலபம்.

“முத்திரையில இருக்கறது நீர்தானே?” என்று சாமியார் கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் முள்ளழகன் வாயெடுத்தான். ஓணான் பிறவியாயிற்றே, பதற்றத்தில் தலை தானாக மேலும் கீழும் ஆடியது. ‘ஒப்புக்கொண்டார்’ என்று எருமை எழுதிக்கொண்டது.

அன்றே உத்தரவு வந்தது. முத்திரையின் சாயலில் இருப்பவர்கள் அனைவரும் பொழுது சாய்வதற்குள் காட்டை விட்டு வெளியேற வேண்டும். சான்று செல்லும் என்பதால் பன்றிகள் மண்மேட்டை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போயின. முட்டைகளுக்கு இன்னும் சாயல் தெரியாததால், பொரிக்கும் நாள்வரை இருந்துகொள்ளலாம் என்று ஒரு சலுகையும் கொடுத்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்த செவ்வந்தியிடம் முள்ளழகன் உத்தரவை நீட்டினான். அதன் அடியில் அவன் படம் பளிச்சென்று விழுந்திருந்தது.

நீதி: உலகத்தில் இல்லாமலே இருப்பது உத்தமம். இல்லாதவனிடம் சிறகைத்தான் பிடுங்குவார்கள், இருக்கிறவனிடம் காட்டையே பிடுங்கிவிடுவார்கள்.