கோச் (பொறுப்பு)

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. யாராவது விளக்க ஆரம்பித்தால் போட்டுக்கொள்வதற்கென்றே புரிந்த முகம் ஒன்று வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ராஜபாளையத்தில் ஒரு கால்பந்து கிளப்புக்கு முழுசாக இருபத்து மூன்று நாள் கோச்சாக இருந்தேன். இருந்ததோடு விட்டேனா? அந்தப் பதவியை எனக்கே நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில், டைம் ஆபீசில் வேலை பார்க்கிறேன். யாருக்கு எந்த ஷிப்ட் என்று வாராவாரம் சார்ட் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். பதினொரு வருஷமாக அங்கே நான் பதிலி. (அதாவது நிரந்தர ஆள் திரும்பி வரும்வரை அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். அவர் வரவும் இல்லை, நாற்காலி என்னுடையதாகவும் ஆகவில்லை.) குடியிருக்கும் வீடு தற்சமயத்துக்கு என்று பிடித்தது. ஓட்டுகிற பைக் மச்சினனுடையது. கல்யாணமாவது ஒழுங்கா என்றால், என் மனைவி செல்விக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை துபாய்க்குப் போய்விட்டதால் குறித்த முகூர்த்தம் வீணாக வேண்டாம் என்று என்னை உட்கார வைத்தார்கள். செல்வி இதை நாலு பேர் முன்னால் சிரிக்காமல் சொல்வாள். ஏதாவது ஒன்றிலாவது நிரந்தரமாகிவிட வேண்டும் என்ற வெறி எனக்குள் ஊறிப் போயிருந்தது.

கிளப்பில் விளையாடுகிறவர்கள் எல்லோரும் எங்கள் மில் ஆட்கள். நான் இணைச் செயலாளர், அதாவது பந்துப் பையைத் தூக்குகிறவன். கோப்பைப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, கோச்சாக இருந்த பி.டி. மாஸ்டர் முட்டி ஆபரேஷன் செய்து படுத்துவிட்டார். கிளப் தலைவர் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்கிறவர். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார் என்பதால் அவர் தமிழில் இருக்கும்போதே எல்லோரும் காரியத்தை முடித்துக்கொள்வோம். அவர் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"ஒரு மாசம் நீ பாத்துக்க தம்பி. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். பதினொரு பேரைக் கிரவுண்டுல கொண்டாந்து நிறுத்து, அம்புட்டுதேன்."

நோட்டீஸ் போர்டில் எழுதிவிட்டார்கள். 'கோச் (பொறுப்பு): சங்கரபாண்டி.' அந்த அடைப்புக்குறிகள் இரண்டும் அன்றைக்கே என் கண்ணை உறுத்தின.

பதினொரு பேரை நிறுத்துவது எங்கள் கிளப்பில் லேசான காரியம் இல்லை. ஆட்டத்தன்று நாலு பேர் ஷிப்டில் இருப்பார்கள், நாலு பேர் ராத்திரி ஷிப்ட் முடித்துப் படுத்திருப்பார்கள். பாவம், மாஸ்டர் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பனியன் மாட்டி இறக்கியிருக்கிறார். என் கையில்தான் சார்ட் இருந்ததே! பதினொரு பேரையும் ஒரே கூட்டாகக் கட்டி, இரண்டு வாரமும் காலை ஷிப்டிலேயே பிடித்து வைத்தேன். இரண்டு மணிக்கு வேலை முடியும், சாயந்திரம் பந்து, ராத்திரி வீட்டில் தூக்கம். சூப்பர்வைசரும் பந்துப் பைத்தியம், அதனால் கண்டுகொள்ளவில்லை.

சுந்தரபாண்டியம் அணியை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்தோம். அடுத்த வாரம் சேத்தூரை இரண்டுக்கு ஒன்று. இரண்டு ஆட்டத்திலும் நான் செய்தது கோட்டு ஓரமாக நின்றுகொண்டு "ஏறு, ஏறு, உள்ள போ, உள்ள போ" என்று கத்தியதுதான். பஸ் கண்டக்டரும் அதைத்தான் செய்கிறார், அவரை யாரும் கோச் என்று சொல்வதில்லை. ஆனால் ஜெயித்தவனுக்கு இதெல்லாம் தோன்றுமா? எனக்குள் ஒரு மகா மூளை இத்தனை வருஷம் ஷிப்ட் சார்ட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

மாஸ்டர் இனிமேல் கிரவுண்டுக்கு வர முடியாது என்று சொல்லியனுப்பியதும், இவனையே நிரந்தரமாகப் போட்டுவிடலாமா என்ற பேச்சு கிளம்பியது. மில் வாசல் டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. ரெண்டு ஆட்டம் ஜெயிச்சவனுக்கு அனுபவம் எதற்கு, அது போகப் போக வரும், ராசியான கையை மாற்றக் கூடாது என்றது ஒரு கட்சி. ரெண்டு ஆட்டத்தை வைத்து ஆளை எடை போட முடியாது, நாளைக்குத் தோற்க ஆரம்பித்தால் இவனுக்குத் திருத்தத் தெரியுமா என்றது இன்னொரு கட்சி. (நான் முதல் கட்சிக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்தேன்.) ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்த ஆட்டம், திங்கள் சாயந்திரம் கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

நான் அன்றைக்கே நீல டிராக் சூட் ஒன்று வாங்கி, டெய்லரிடம் கொடுத்து முதுகில் 'கோச்' என்று தைக்கச் சொன்னேன். பொறுப்பும் போடணுமா என்று அவர் கேட்டதற்கு நான் முறைத்த முறையில் நூல் ஊசியிலிருந்து நழுவியது.

அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். மறுநாள் டீக்கடைக்குப் பின்னால் எங்கள் கேப்டன் கணேசன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அண்ணன் ஷிப்ட்டு போட்டுக் குடுத்தாரு, நாங்க தூங்கி எந்திரிச்சு விளையாண்டோம். அதுக்கு மேல என்ன இருக்கு?"

அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. ஷிப்டா ஜெயித்தது? நானில்லையா? அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இந்த வாரம் சார்ட்டில் கையே வைக்க மாட்டேன், அது பாட்டுக்குச் சுற்றட்டும். முழுக்க முழுக்க என் பயிற்சியை வைத்தே ஜெயித்துக் காட்டுகிறேன்.

சார்ட் அது பாட்டுக்குச் சுற்றியது. நான்தான் பதினொரு பேரையும் ஒரே கூட்டாகக் கட்டியிருந்தேனே, பதினொரு பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் ராத்திரி ஷிப்டில் போய் விழுந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு மில் வாசலில் விசிலோடு நிற்பேன். தலையில் பஞ்சோடு வெளியே வருகிறவர்களை அப்படியே மினி லாரியில் ஏற்றி, அய்யனார் கோவில் போகிற ரோட்டில் இறக்கி, மலையடிவாரம் வரை ஓட விடுவேன். நான் பின்னாலேயே பைக்கில். (கோச் ஓடக் கூடாது, மரியாதை போய்விடும்.) ஓடி முடித்ததும் மரத்தடியில் பாடம். மூன்றாம் நாள் கணேசன் வந்து தலையைச் சொறிந்தான்.

"ஒரு நாளாச்சும் தூங்கிக்கிடுதோம்ணே. பொறவு நீங்க சொல்லுதத எல்லாம் செய்யுதோம்."

தூக்கம் எல்லாம் மனசைப் பொறுத்தது என்று பதில் சொன்னேன். நான் முந்தின ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தேன்.

ஞாயிறு காலையும் விடவில்லை. கடைசிப் பாடம் என்று பத்து மணி வரை உட்கார வைத்து, மதியம் வேனில் ஏற்றினேன். டிரைவர் பாட்டை அலற விட்டார். நான் எழுந்து நின்று அதற்கு மேல் கத்தி, ஆட்ட வியூகத்தை விளக்கினேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மனதுக்குள் படமாக ஓட்டிப் பார்க்கிறார்கள் போல என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வியின் பிறந்த ஊர். மைதானத்தில் அவள் வீட்டு ஆட்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் மடக்கு நாற்காலி கொண்டு வந்து கோட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். மாப்பிள்ளை கோச் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார் போல, இருபது பேர் என் முதுகைப் படித்தார்கள். நானும் நன்றாகத் திரும்பி நின்று காட்டினேன்.

முதல் பாதியில் மூன்று கோல் வாங்கினோம். பரவாயில்லை, இடைவேளையில் நாலு வார்த்தை பேசித் திருப்பிவிடுவோம் என்று வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்தேன். பேசினேன். உணர்ச்சி பொங்கப் பேசினேன். உங்கள் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டு நிமிர்ந்தால் பதினொரு பேரும் மல்லாந்திருந்தார்கள். கோல்கீப்பர் ராமராஜ் குறட்டையே விட்டான்.

ரெஃப்ரி விசில் அடித்தார். யாரும் அசையவில்லை. நான் காதருகே குனிந்து விசில் அடித்தேன். எதிரணி ஆட்கள் வந்து பானகம் கொண்டு வந்த பாத்திரத்தில் தட்டினார்கள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. சத்தம் ஏற ஏற இவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! மில்லில் ஓடுகிற ஃப்ரேம்களுக்கு (நூல் நூற்கிற மெஷின்கள்) நடுவில் கண்ணயர்ந்து பழகியவர்களைச் சத்தம் என்ன செய்யும்?

என் மாமனாருக்கு அது தெரியாது. மாப்பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிக்கிறதே என்று பொறுக்காமல் எழுந்து, பழைய போலீஸ் குரலில் "எல்லாரும் வாய மூடுங்கலே" என்று ஒரு அதட்டல் போட்டார். மொத்த மைதானமும் கப்பென்று அடங்கியது.

அடுத்த நொடி பதினொரு பேரும் ஒன்றாகத் துள்ளி எழுந்து உட்கார்ந்தார்கள். மில்லில் சத்தம் நின்றால் மெஷின் நின்றதாக அர்த்தம், மெஷின் நின்றால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். ராமராஜ் பதறிப் போய் என்னைப் பார்த்து, அவ்வளவு அமைதியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"எந்த ஃப்ரேம்ணே நின்னுச்சு?"

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஆளே மெதுவாகத் தட்டிவிட்ட பந்து, ராமராஜ் சாய்ந்து நின்றிருந்த கம்பத்துக்குப் பக்கத்தில் நடைபோட்டு உள்ளே போனது. ஏழுக்குப் பூஜ்யம்.

ஓடிப் போய்விடலாமா என்று பார்த்தேன். மாமனார் நாற்காலியை மடக்கிக்கொண்டு நேராக வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாப்பிள்ளை, வீட்டுக்கு வாங்க. உங்க ஆளுகளையும் கூட்டிட்டு வாங்க. பாவம், செத்த நேரம் படுத்து எந்திரிக்கட்டும்."

அவர் வீட்டு ஹாலில் பதினொரு பேரும் வரிசையாகத் தூங்கினார்கள். நான் 'கோச்'சைச் சுவரில் மறைத்தபடி வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். செல்வி காபி கொண்டு வந்து வைத்தாள்.

"முதல்ல ரெண்டு ஆட்டம் ஜெயிச்சது அவிய தூங்குனதுனாலதாங்க. தூங்க வச்சது நீங்க. அதுல என்ன குறைச்சலாப் போச்சுன்னு இப்படிப் போட்டு வதைச்சிய?"

எனக்குக் கோபம்தான் வந்தது. விடுவேனா? ராத்திரியே நாலு பக்கம் பேச்சு எழுதினேன். ஒரு தோல்வியை வைத்து முடிவெடுக்கக் கூடாது, புதியவனுக்குக் காலம் கொடுக்க வேண்டும் என்று அதில் எல்லாம் இருந்தது. திங்கள் சாயந்திரம் அதே டிராக் சூட்டில் கமிட்டிக்குப் போனேன்.

தலைவர் முதலில் கணேசனிடம்தான் ஏன் தோற்றீர்கள் என்று கேட்டார். அவன் ராத்திரி ஷிப்டைப் பற்றிச் சொல்வான், மலையோட்டத்தைப் பற்றிச் சொல்வான் என்று மறுப்பெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. நாங்கதான் சரியா ஆடல" என்றான். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. அவன் பக்கத்தில் ராமராஜ் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்தேன். சார்ட்டை வேண்டுமென்றே விட்டது நான், தூங்க விடாமல் ஓட வைத்தது நான், என்னை நிரந்தரமாக்க வேண்டாம் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிரந்தர வேலை கையெட்டும் தூரத்துக்கு வந்தது, அதை நானே வேண்டாம் என்றேன். கோச்சாகக் கணேசனைப் போடுங்கள், அனுபவம் இல்லாவிட்டாலும் அவனுக்கு ஆஃப்சைடு தெரியும், தன் ஆட்களின் முகத்தைப் பார்க்கவும் தெரியும், போடுவதானால் முழுசாகப் போடுங்கள் என்றும் சொன்னேன். தலைவர் தெலுங்குக்குப் போய்விட்டார். கால்மணி நேரம் கழித்துத் தமிழுக்குத் திரும்பியபோது ஒன்றுதான் சொன்னார்.

"அந்தச் சார்ட்டை மட்டும் நீ விட்டுறாத."

மறுநாள் போர்டில் இரண்டு வரி இருந்தது. 'கோச்: கணேசன். ஷிப்ட்: சங்கரபாண்டி.' இரண்டிலும் அடைப்புக்குறி இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கணேசன் வந்த பிறகு நாங்கள் எல்லா ஆட்டமும் ஜெயிக்கவில்லை, ஆனால் தோற்ற ஆட்டங்களிலும் முழித்துக்கொண்டுதான் தோற்றோம்.

மில்லில் நான் இன்னும் பதிலிதான். வீடும் தற்சமயத்துக்குத்தான். டிராக் சூட்டைச் செல்வி நடுவில் வெட்டி மிக்சிக்கு உறை தைத்துவிட்டாள், அடுப்படிக்குப் போனால் 'கோச்' என்னைப் பார்க்கிறது. மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் சாப்பிட்டதும் ஹாலில் படுப்பேன், மத்தியானம் அங்கே கரண்டு போகாத நாள் கிடையாது. ஃபேன் நிற்கும், டி.வி. நிற்கும், வீடு அமைதியாகும். எல்லோரும் மாமனாருக்காகக் காத்திருப்பார்கள். சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூடச் சிரித்தறியாத அந்த மனிதர் ஈஸிசேரிலிருந்து லேசாகத் தலையைத் திருப்புவார்.

"எந்த ஃப்ரேம் மாப்பிள்ளை நின்னுச்சு?"

நான் எழுந்து உட்கார்ந்து, "பாத்துட்டு வாரேன் மாமா" என்பேன். இந்த ஒன்றில் என்னைப் பெர்மனென்ட் பண்ணிவிட்டார்கள்.