ஆணித் துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

காற்றுக்குப் பொட்டு வைத்த முதல் ஊர் எது என்று என்றைக்காவது கல்வெட்டு வைப்பார்களானால், அதை விளாங்குடியில்தான் வைக்க வேண்டும். அதிலும் நான் சுத்தியல் பிடிக்கும் மரப்பெட்டிப் பட்டறையின் வாசலில்.

எங்கள் முதலாளி சூரியபிரகாஷ் தொலைநோக்கு உள்ளவர். ஆயுத பூஜைக்கு, காற்றின் வேகத்தில் ஆணி அடிக்கும் துப்பாக்கி ஒன்றும், அதற்குக் காற்று ஊட்டும் கம்ப்ரஸரும் வாங்கினார். கூடவே வந்த விளக்கப் புத்தகம் உறை பிரிக்காமலே சாமி படத்தின்முன் வைக்கப்பட்டுக் கற்பூரம் காட்டப்பட்டது. படிப்பதற்கு நல்ல நேரம் இன்னும் குறிக்கப்படவில்லை.

'நிறுவுதல்' முறைப்படி நடந்தது. காற்று வரும் ஹோஸ் குழாயை மாட்டுமுன் மாலை மாட்டினார்கள். கடைக்காரர் தந்த மெல்லிய எண்ணெயை ஒதுக்கிவிட்டு, விளக்கிலிருந்த நல்லெண்ணெயை ஊற்றினார்கள். முகமில்லாத பொருளுக்குப் பொட்டை எங்கே வைப்பது என்ற சிக்கல் எழுந்தது. முதலாளி, ஆணி வெளிவரும் மூக்கில் வைத்தார்.

அந்த மூக்கின் கடமை பெரியது. மரத்தில் அழுத்தினால் உள்ளே போகும், எடுத்தால் வெளியே வரும். உள்ளே போனால்தான் ஆணி பாயும். வெளியே இருக்கும்வரை துப்பாக்கி சாது.

'பராமரிப்பும்' தவறவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பொட்டின்மேல் பொட்டு. சந்தனமும் மரத்தூளும் நல்லெண்ணெயும் சேர்ந்து இறுகி, ஒருநாள் மூக்கு உள்ளேயே தங்கிவிட்டது. அதன்பின் விசையைத் தொட்டாலே ஆணி பாய்ந்தது. எதிரே மரமா மனிதரா என்ற பாகுபாடு அதற்கு இல்லை.

துப்பாக்கி பிடிப்பவள் செல்லக்கிளி. உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். இடக்கையால் பலகையைச் சேர்த்துப் பிடித்து வலக்கையால் அடிப்பாள். அன்று ஓர் ஆணி அவளுடைய வளையலை உடைத்துக்கொண்டு சுவரில் போய் நின்றது.

"மொதலாளி, மூக்கு மாட்டிக்கிருச்சு. தின்னர் போட்டுத் தொடச்சிட்டு அடிக்கிறேன்" என்றாள்.

"சாமிக்கு வச்ச பொட்ட நீ அழிப்பியாக்கும்?"

"அப்ப என் வெரலு?"

"அமாவாசைக்குப் பூசாரி வாராரு, அவரு எடுப்பாரு. வளையலோட போச்சுல்ல? அதான் பொட்டோட சக்தி."

உடனே 'பாதுகாப்புக் குழு' கூடியது. முதலாளி, அவருடைய மச்சினர் ராஜபாண்டி, டீ வாங்கிவர நான். அமாவாசை வரை பழையபடி சுத்தியலால் அடிக்கலாமே என்றேன். நாட்டை எந்தக் காலத்துக்கு இழுத்துப் போகப் பார்க்கிறாய் என்று ராஜபாண்டி வருந்தினார். பாதுகாப்பை மேம்படுத்தும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: செல்லக்கிளி இனிமேல் வளையல் போடக்கூடாது.

துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றாள். அப்படியென்றால் நாளையிலிருந்து பஸ் ஏற வேண்டாம் என்றார்கள். ஏறினாள். ஆனால் பலகையைக் கையால் பிடிக்காமல் ஒரு நீளக் கம்பால் அமுக்கிக்கொண்டு அடித்தாள். பெட்டிகள் நொண்டின.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டுப் பயமா? இங்கிட்டுக் குடு. எப்புடி அடிக்கிறதுன்னு நான் காட்டுறேன்."

"பாத்து மொதலாளி."

"பொட்டு இருக்குல்ல" என்றபடி வாங்கினார். விரலை விசையில் வைத்துக்கொண்டே கையைத் தொங்கவிட்டு, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். 'டப்' என்றது. அவருடைய செருப்பு கீழே கிடந்த பலகையோடு தைக்கப்பட்டிருந்தது. ஆணிக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு நூல்தான் போகும்.

செல்லக்கிளி பணிவாகக் கேட்டாள்.

"பூசாரிக்குப் போன் போடவா மொதலாளி?"

"தின்னர எடுத்துட்டு வா."

ஹோஸ் கழற்றப்பட்டது. சந்தனம் சுரண்டப்பட்டது. மூக்கு வெளியே வந்தது. விளக்கப் புத்தகத்தின் உறை பிரிந்தது; தைத்த செருப்புக்குள் நின்றபடியே முதலாளி அதை உரக்கப் படித்தார், நாங்கள் கைகட்டிக் கேட்டோம்.

எங்கள் பட்டறைச் சாமியைப்போல் கருணையுள்ள சாமி எங்கும் கிடையாது. செல்லக்கிளியின் விரல்களுக்கு அமாவாசை வரை காத்திருக்கத் தயாராய் இருந்தவர், முதலாளியின் கட்டைவிரலுக்கு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை.