மாடியில் அயர்லாந்து

திருநகர் சிவபாண்டி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முடிவு எடுத்தார். என்ன ஆனாலும் சரி, தன் வீட்டுக்காரம்மா முத்துமீனா அயர்லாந்துக்குப் போகக் கூடாது. ஆனால் போகாதே என்று தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லவும் கூடாது. அவளாகவே போகமாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? எல்லாம் ஒரு மைக்கால் வந்த வினை.

முத்துமீனா நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கிறவள். வயது நாற்பத்தாறு. வயசானவர்களைப் பராமரிப்பது பற்றி ஒரு வருச மேல்படிப்பு, அயர்லாந்தில், முழு ஸ்காலர்ஷிப்போடு. அப்ளிகேஷன் போட்டபோது சிவபாண்டி ரொம்பத் தாராளமாக இருந்தார். எங்கே கிடைக்கப் போகிறது என்கிற தைரியம். காலேஜ் ஆண்டு விழாவில் யாரோ மைக்கை நீட்ட, "என் மனைவி ஆசைப்பட்டா அயர்லாந்து என்னங்க, நிலாவுக்கே அனுப்பி வைப்பேன்!" என்று முழங்கித் தள்ளிவிட்டார். ஐநூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த வீடியோ இன்னும் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கைதட்டு வாங்கிய வாயால் இப்போது எப்படிப் போகாதே என்பது?

கடைசியில் அந்த ஸ்காலர்ஷிப் கிடைத்துத் தொலைத்துவிட்டது. மே மாசக் கடைசிக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று பதில் போட்டாக வேண்டும். ஒரே மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். முத்துமீனாவும் கிளம்பிவிட்டால் அந்த வீட்டில் சிவபாண்டியும் சீலிங் ஃபேனும் மட்டும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முத்துமீனாவே அரை மனசாகத்தான் இருந்தாள்.

"என்னங்க, நான் போயிட்டா நீங்க எப்படித் தனியா இருப்பீங்க? அதான் எனக்கு ரோசனையா இருக்கு."

விவரமான மனுசன் என்ன செய்திருக்க வேண்டும்? "ஆமா மீனா, என்னால முடியாது" என்று சொல்லிக் கதையை அங்கேயே முடித்திருக்க வேண்டும். சூப்பிரண்டு சிவபாண்டி சொல்வாரா? இருபத்தெட்டு வருச சர்வீஸ். ஆபீசில் பதினோரு பேர் அவர் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறார்கள்.

"எனக்கென்ன? நான் ராஜாவாட்டம் இருப்பேன். உன்னாலதான் அங்க இருக்க முடியாது, பார்த்துக்க."

முத்துமீனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் அந்த யுனிவர்சிட்டி, வரப்போகிற மாணவர்களுக்கென்று நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு அனுப்பியது. சிவபாண்டி அதைப் பிரிண்ட் எடுத்து, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்தார். நாலு சமையலாவது கற்றுக்கொண்டு வாருங்கள். சர்ட்டிபிகேட்டுகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். உங்கள் பெட்டியை உங்களால் தூக்க முடிகிறதா என்று இப்போதே பாருங்கள். வந்த புதிதில் வீட்டு ஏக்கம் வரும், அழுகை வரும், அது சகஜம். 'அழுகை வரும்' என்பதற்கு மட்டும் ரெண்டு கோடு போட்டார். அதற்கடுத்த வரியில் கண் நின்றது. கிளம்புவதற்கு முன் சில நாள் தனியாக இருந்து பழகிப் பாருங்கள்.

"கிடைச்சிருச்சுடா!" என்று துள்ளினார்.

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த கருத்தக்கண்ணன் திடுக்கிட்டார். எதிர்வீட்டுக்காரர், ஸ்கூல் காலத்து சிநேகிதர்.

"என்ன மாப்ள கிடைச்சிருச்சு?"

"வழி! நம்ம மாடி போர்ஷன் மூணு மாசமா காலியாத்தானே கெடக்கு? அதை அயர்லாந்தா வெச்சுக்கிருவோம். காலேஜும் லீவுதான், பதினஞ்சு நாள் உன் தங்கச்சி அங்க தனியா இருந்து பார்க்கட்டும். கீழ இறங்கப்படாது. ஒருத்தர் உதவியும் கூடாது."

"மே மாசத்துல மாடியா? தரையில அப்பளம் சுடலாம் மாப்ள."

"அதான் வேணும். மூணே நாள்ல 'என்னங்க, என்னால முடியலங்க'ன்னு இறங்கி வந்துரும். அப்புறம் என்ன அயர்லாந்து, ஆட்டுக்குட்டி!"

கருத்தக்கண்ணன் மீதி வடையை வாயில் போட்டுக்கொண்டார். "மாப்ள, எனக்கென்னமோ இது சரியாப் படல. தங்கச்சி சாதுவா இருக்குன்னு நெனைக்காதே."

சிவபாண்டி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு சுற்றறிக்கை தயார். வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் சுற்றறிக்கை போடுகிற ஆள் அவர்.

"விதி ஒண்ணு, மாடிப்படிதான் ஏர்போர்ட். விதி ரெண்டு, ஒரே பெட்டி, அரிசி பருப்பு எல்லாம் சேர்த்து இருபத்து மூணு கிலோ, தானே தூக்கிட்டு ஏறணும். விதி மூணு, மறந்து வெச்ச சாமான் மறந்ததுதான். விதி நாலு, போன் ஒருநாளைக்கு ஒருதடவை. அயர்லாந்துல காலை ஏழு மணி, நமக்குப் பதினொன்றரை. விதி அஞ்சு, அக்கம்பக்கத்துல சாப்பாடோ உதவியோ வாங்கப்படாது. எப்படி?"

முத்துமீனா நிதானமாக வாங்கிப் படித்தாள்.

"நல்லாருக்குங்க. பேனா குடுங்க."

அடியில் ஒரு வரி எழுதினாள். விதி ஆறு, மேற்படி விதிகள் இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்.

"சும்மா ஒரு நியாயத்துக்குத்தான்" என்றாள்.

நியாயம் என்கிற வார்த்தையைக் கேட்டால் சூப்பிரண்டுக்குக் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும். போட்டார். தேதியும் போட்டார்.

மறுநாள் காலை முத்துமீனா பெட்டியைத் தராசில் வைத்தாள். இருபத்து மூணு கிலோ, ஒரு கிராம் கூடவில்லை. தூக்கினாள். விறுவிறுவென்று படியேறினாள். நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்துப் பழகின கை என்பதை சிவபாண்டி மறந்துபோயிருந்தார். மேலே போய்த் திரும்பிக் கை காட்டினாள். இவரும் காட்டினார். நெஞ்சுக்குள் லேசாக என்னமோ பண்ணியது. காப்பி குடிக்காததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

அங்கேதான் ஆரம்பித்தது. சீனி எந்த டப்பாவில் இருக்கிறது? இருபத்திரண்டு வருசமாக அந்த வீட்டில் இருக்கிற மனுசருக்கு அது தெரியவில்லை. ஒன்பது டப்பா திறந்தார். பத்தாவதில் வெள்ளையாக இருந்தது. போட்டுக் கலக்கிக் குடித்தார். கோலமாவு.

போனை அடித்தார். எடுக்கவில்லை. மெசேஜ் வந்தது: 'இங்க விடியக்காலம் மூணரை மணி. தூங்குற நேரத்துல தொந்தரவு செய்யாதீங்க. விதி நாலு.'

மூன்று நாள் ஓட்டலில் ஓட்டினார். காலையில் பொங்கல், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பரோட்டா. நாலாவது நாள் வயிறு எழுந்து நின்று ஆட்சேபம் தெரிவித்தது. ஆபீசில் பாதி நாள் எங்கே இருந்தார் என்பதை இங்கே சொல்வது நாகரிகமில்லை. வீட்டுக்கு வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். கருத்தக்கண்ணன் சம்சாரம் செல்லக்கிளி வந்தது.

"ஆத்தா செல்லக்கிளி, ஒரு தம்ளர் ரசம் இருக்குமா?"

"இருக்குண்ணே. கமகமன்னு இருக்கு. ஆனா தரமாட்டேன்."

"ஏன்த்தா?"

"அக்கா பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. உங்க கையெழுத்து எம்புட்டு அழகா இருக்குண்ணே!"

சிவபாண்டி திரும்பி நடந்தார். மாடியைப் பார்த்தார். இந்நேரம் வெக்கையில் வதங்கி அழுதுகொண்டிருப்பாள் என்று ஒரு நப்பாசை. மேலே ஜன்னல் திறந்திருந்தது. முத்துமீனா ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ புஸ்தகத்தை வைத்துக்கொண்டு, மாங்காய்த் துண்டில் மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். முகம் தெளிச்சியாக இருந்தது. கல்யாணமான புதுசில்கூட அவள் இப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அவருக்கு வயிறு எரிந்தது, ரெண்டு விதமாகவும்.

மறுநாள் பதினொன்றரைக்கு ஆபீசிலிருந்து போன்.

"மீனா, இந்த ரசம்... அதை எப்படித்தான் வெக்கிறது? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மாத்தானே? சரி, எழுதிக்கங்க. புளி ஒரு நெல்லிக்காய் அளவு."

எழுதிக்கொண்டார். ஆபீஸ் பேடில், மார்ஜின் விட்டு, பொருள் என்று போட்டு அதன் கீழே 'மிளகு ரசம் வைத்தல் தொடர்பாக' என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு வைத்தார். முதல் ரசம் சிங்க்குக்குள் போனது. ரெண்டாவது ரசம் தொண்டைக்குள் போனது. அடுத்த நாள் சோறு வடிப்பது எப்படி என்று போன். அதற்கடுத்த நாள் வாஷிங் மிஷின். நாலு வெள்ளைச் சட்டையும் ஊதாவாகித்தான் துணியைப் பிரித்துப் போட வேண்டும் என்பது தெரிந்தது. ஊதாச் சட்டையில் ஆபீசுக்குப் போனார். பதினோரு பேரும் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. பன்னிரண்டாவது நாள்தான் கிரகம் பிடித்தது. அன்றைக்கு அவர் வைத்த கத்தரிக்காய்க் குழம்பு, தப்பித்தவறி, நன்றாக வந்துவிட்டது. ருசி பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "அடேயப்பா!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தான் எதற்காக இந்தப் பயிற்சியை ஆரம்பித்தோம் என்பது சுத்தமாக மறந்துபோனது. இம்புட்டு நல்ல குழம்பை வைத்துவிட்டு ஒருத்தரிடமும் காட்டாமல் இருப்பது எப்படி? எதிர்வீட்டுக்குக் கொடுத்துப் பெயர் வாங்கலாம். ஆனால் அவர் யாரிடம் காட்ட ஆசைப்பட்டாரோ அந்த ஆள் மாடியில் இருந்தது.

கீழே நின்று குரல் கொடுத்தார். "ஏ மீனா! வாளி இருந்தா ஒரு கயித்துல கட்டி இறக்கு!"

"எதுக்கு? விதி மூணு..."

"மறந்து வெச்ச சாமான் இல்ல, இது ஏற்றுமதி! இறக்குத்தா!"

வாளி இறங்கியது. தூக்குச்சட்டியில் குழம்பும் சோறும் ஏறின. சிவபாண்டி வெயிலில் அண்ணாந்து பார்த்தபடி கால்மணி நேரம் நின்றார். கழுத்து வலித்தது. கடைசியில் வாளி திரும்பி வந்தது. கழுவின சட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு. 'உப்பு ஒரு கல் தூக்கல். மத்தபடி எங்க அம்மா வெச்ச மாதிரி இருக்கு.'

அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்கத் திரிந்தார். ஊதாச் சட்டைப் பைதான்.

பதினைந்தாம் நாள் காலை. முத்துமீனா பெட்டியோடு இறங்கி வந்தாள். சிவபாண்டி காப்பியை நீட்டினார். அவள் குடித்தாள், சீனி சரியாக இருந்தது. இவருக்கு இப்போதுதான் பழைய திட்டம் ஞாபகம் வந்தது.

"என்ன மீனா, ரொம்பக் கஷ்டப்பட்டியா? வெக்கை, தனிமை... போகலைன்னாலும் தப்பில்ல. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"கஷ்டமா? பதினஞ்சு நாளும் நல்லாத் தூங்குனேங்க. என்னைப் பத்தி எனக்கு எப்பவுமே பயம் இல்ல. உங்களைப் பத்தித்தான்."

பையிலிருந்து அந்தக் கையேட்டை எடுத்தாள். முப்பத்தெட்டாம் பக்கம். சிவபாண்டியின் சிவப்புப் பேனா போகாத பக்கம். வீட்டிலேயே தங்கப் போகும் குடும்பத்தாரையும் தயார்படுத்துங்கள் என்று இருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் சோறு, ரசம், குழம்பு, துணி, காப்பி. எல்லாவற்றுக்கும் நேராக டிக்.

சிவபாண்டி அவசரமாகக் கையேட்டை மூடினார்.

"மீனா, நெசத்தைச் சொல்லிடுறேன். அந்தக் குழம்பு நான் வெக்கல. செல்லக்கிளி வெச்சுக் குடுத்தது."

"பொய் சொல்லாதீங்க. மேல ஜன்னல்ல இருந்து பார்த்தா பின்னால தள்ளியிருக்கிற நம்ம அடுப்படி தெரியும். கத்தரிக்காய் வெட்டுறப்ப விரலையும் வெட்டிட்டு 'அம்மாடி'ன்னு குதிச்சது வரைக்கும் பார்த்தேன்."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சிவபாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். சூப்பிரண்டு குரல் எங்கேயோ போய்விட்டது.

"மீனா, நீ இல்லாம என்னால இருக்க முடியாதுத்தா. சோத்துக்காகச் சொல்லல. சோறு இப்ப நானே பொங்கிருவேன். நீ மாடியில இருந்தப்பவே வீடு வெறிச்சுன்னு இருந்துச்சு. அயர்லாந்து எம்புட்டுத் தூரம்!"

முத்துமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பக்கத்தில் வந்து, விரலில் இருந்த பிளாஸ்திரியைத் தடவினாள்.

"இதை மாசத் தொடக்கத்துல நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? 'நான் வரல'ன்னு மெயில் அடிச்சு ரெடியா வெச்சிருந்தேன். உங்க சுற்றறிக்கை வந்துச்சு, சரி பார்ப்போம்னு நிறுத்தி வெச்சேன்."

சிவபாண்டி நிமிர்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. "அந்த மெயில் இன்னும் இருக்கா?"

"அழிச்சுட்டேன். வாரேன்னு வேற மெயில் அனுப்பிட்டேன்."

"எப்ப?"

"உங்க கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுக் கை கழுவுன கையோட."

சிவபாண்டி ஊதாச் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுச்சீட்டை எடுத்து, கடைசி நம்பிக்கையாக அவளிடம் நீட்டினார்.

"உப்பு ஒரு கல் தூக்கல்னு எழுதியிருக்கியே மீனா?"

"தூக்கல்தான். அதுக்காக ஒரு யுனிவர்சிட்டியவா விட முடியும்?"