என்னைப் பற்றி நானே கொடுத்த நற்சான்று

ஓய்வுபெற்ற பொலிஸ்காரன் ஊரில் இருந்தால் அவனுக்கு ஓய்வு கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படி இறங்குவதற்குள் யாராவது தோளைப் பிடித்துவிடுவார்கள். பிடியாணை இல்லாமல் வீட்டுக்குள் வரலாமா, பிடித்த ஆளை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், பெண்பிள்ளையை யார் சோதிக்க வேண்டும், மச்சானின் சைக்கிளில் லைட் இல்லாவிட்டால் பின்னால் இருந்தவனையும் பிடிப்பார்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவேன். நீங்கள் எப்படிப் பொலிசில் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் மட்டும் அவசரமாகச் செருப்பைத் தேடுவேன்.

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டால் வீட்டில் இருப்பவள் சொல்லுவாள். அவள் சொன்னால் இரண்டு மடங்கு வரும்.)

எழுபதுகளின் கடைசி. கல்முனைக்குடியில் என்னைவிட அறிவாளி யாரும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம். பொலிஸ் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அதிகாரம், கடமை, நடைமுறை என்று ஒரு வினா விடைப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். கொழும்பில் நேர்முகப் பரீட்சையில் கேட்டதற்கெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். கேட்டவர்களே போதும் போதும் என்று கை காட்டினார்கள். அந்தப் புத்தகத்தில் ஒரு விசயம் இல்லை. ஆளைத் தெரிவுசெய்ய முன்னம் அவனுடைய ஊருக்கு ஒரு பொலிஸ்காரரைச் சாதாரண உடுப்பில் அனுப்பி, அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிப்பார்கள் என்ற விசயம்.

அந்த உத்தியோகத்தில்தான் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் மகள் ஹபீபாவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். மாமா நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர், சிரிப்பதற்கு வரி கட்ட வேண்டும் என்பதுபோல முகத்தை வைத்திருப்பவர். உம்மா வாய்விட்டுக் கேட்டபோது, உத்தியோகம் வரட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். வாப்பாவோ, நல்ல இடத்திலிருந்து வீடும் காணியுமாக யாரும் வந்தால் என்னைக் கொடுத்துவிடும் யோசனையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். வருவதற்கு முன்னம் ஒரு ஆளை அனுப்பிக் கடை கடையாக விசாரிப்பார்கள். கொழும்புக்குப் போய் வந்த பொடியனுக்கு அந்த நேரம் பெருநாள் ஆட்டைப்போல விலை ஏறியிருக்கும்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது தேநீர்க்கடைக் காசிம் காக்கா கண்ணைச் சிமிட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, உன்னப் பத்தி ஒரு மனிசன் விசாரிக்காரு. குடிப்பானா, சூது ஆடுவானா, உம்மா வாப்பாவப் பாப்பானா எண்டெல்லாம் கேக்காரு. வெளியூர் ஆளு. நல்ல எடமாத்தான் இரிக்கும்."

கடையின் மூலையில் வெள்ளைச் சட்டையும் சாரனும் உடுத்து, தொப்பி போட்டு, குடையை மடியில் வைத்தபடி ஒருவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத் தரகர் என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறை. இந்த மனிசன் போய் நல்ல மாப்பிள்ளை என்று சொன்னால், வாப்பா தலையாட்டுவார், ஹபீபாவை யாரோ கொண்டுபோவான், நான் யாருடைய வீட்டுக்கோ மாப்பிள்ளையாகப் போய் ஆயுளுக்கும் அழுதுகொண்டிருக்க வேண்டும்.

உடனே அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்தப் பொடியனுடைய பக்கத்து வீட்டுக்காரன் நான்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு நான் வாயைத் திறந்தேன். அவனா, கசிப்புச் சாராயம் இல்லாமல் அவனுக்கு விடியாது என்றேன். சூதில் தகப்பன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டையும் தோற்றவன் என்றேன். அடுத்தவன் கோழி அவனைக் கண்டால் கூடு தேடி ஓடும் என்றேன். அவருடைய கண் பெரிதாகப் பெரிதாக எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பொலிஸ் வந்தால் பின்பக்கத்தால் பாய்ந்து ஓடிவிடுவான் என்று ஒரு முத்திரையும் குத்தினேன்.

"அல்லாஹ்வே," என்றார் அவர். "நல்ல நேரத்துல சொன்னீங்க தம்பி."

அவருடைய தேநீருக்கும் நானே காசு கொடுத்தேன். (அவ்வளவு சந்தோசம்.)

அடுத்த கிழமை பொலிஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. உன்னைத் தெரிந்த மரியாதையான பெரியவர் ஒருவரோடு வா என்று சொல்லியிருந்தார்கள். வாப்பா வரிப்பத்தான்சேனையில் அறுவடைக்கு நின்றதால் உம்மா மாமாவை அனுப்பினா. நியமனம் வந்துவிட்டது, அதை மாமாவின் கண்ணுக்கு முன்னாலேயே தரப்போகிறார்கள் என்று எண்ணி நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் மட்டக்களப்புப் பக்கத்துக் கிறிஸ்தவர். சாதுவான மனிசன். மாமாவை உட்காரச் சொல்லிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். கசிப்பு, சூது, மணிக்கூடு, கோழி. ஒவ்வொன்றும் எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது. மணிக்கூடு வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமாவின் வாய் அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நம்பிக்கையான ஆள் சொன்ன தகவல் இது என்று சொல்லிவிட்டு, விசாரிக்கப் போன கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர். காக்கி உடுப்போடு வந்தவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"சேர், இவருதான் அந்தப் பக்கத்து ஊட்டுக்காரர்."

"இவர்தான்ப்பா அந்தப் பொடியன்."

"இல்ல சேர், இவருதான் அந்தப் பொடியனப் பத்திச் சொன்னவரு."

என் மூளையில் மிச்சமிருந்தது அந்த வினா விடைப் புத்தகம் ஒன்றுதான். பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது சேர் என்று சொன்னேன். சொன்னது நானா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

அது நீதிமன்றத்துக்குத்தான் என்றார் இன்ஸ்பெக்டர். கடமையில் இருக்கிற பொலிஸ்காரருக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் என்ன செய்யலாம் என்று உன் புத்தகத்தில் இருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தது. அந்தப் பக்கத்தையும் பாடமாக்கியிருந்தேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். தரகர் என்று நினைத்துவிட்டேன் என்றேன். தரகர் வந்தால் நல்லதுதானே, கல்யாணம் முடிக்க விருப்பமில்லையா என்றார். விருப்பம்தான், ஆனால் வேறு இடத்தில் வேண்டாம் என்றேன். எந்த இடத்தில் வேண்டும் என்றார். பொலிஸ் விசாரணை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு கேள்வி மற்றக் கேள்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும்.

நான் மாமாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, ஹபீபா என்றேன்.

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. மாமாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். மாமா எழும்பிப் போய் வெற்றிலையை வெளியில் துப்பிவிட்டு வந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் உத்தியோகமும் போய், ஹபீபாவும் போய், நான் கப்பலேறி எங்கேயோ கூலிவேலை செய்து வயதாகியும் விட்டேன்.

"சேர்," என்றார் மாமா. "மாப்பிள்ளை எடுக்கிறதெண்டா நாங்க ஊரெல்லாம் விசாரிப்பம். ஒருத்தரும் கெட்டது சொல்ல மாட்டாங்க, அதான் எங்களுக்குப் பயம். இவன்ட கெட்டது முழுக்க இவனே சொல்லிட்டான். இனி எனக்கு விசாரிக்க ஒண்டும் இல்ல."

சொல்லிவிட்டு மாமா சிரித்தார். என் ஆயுளில் அவருடைய பல்லைக் கண்டது அன்றைக்குத்தான். கொன்ஸ்டபிள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது, சந்தோசத்தில்.

இன்ஸ்பெக்டர் பொய்த் தகவலை மன்னித்துவிட, விசாரணை திரும்ப நடந்தது. இந்த முறை கொன்ஸ்டபிள் காக்கி உடுப்பிலேயே வந்தார். பொலிசைக் கண்ட பயத்தில் காசிம் காக்கா, இந்தப் பொடியன் நடுராத்திரித் தஹஜ்ஜுத் தொழுகையைக்கூட விடமாட்டான் என்று சத்தியம் பண்ணினாராம். (நான் விடியற்காலைச் சுபஹுக்கே எழும்பாதவன்.) உத்தியோகமும் வந்தது, ஹபீபாவும் கிடைத்தாள். அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னது மாமா. அன்றிலிருந்து என் வாய் என்னுடையது இல்லை.

போன வருசம் கடைசி மகனை மாப்பிள்ளை கேட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன் அறைக்கு வந்ததுதான் தாமதம், ஹபீபா தேநீர்த் தட்டோடு குறுக்கே வந்து நின்றாள்.

"இவரு பொலிசுல இருந்தவரு," என்று அவர்களிடம் சொன்னாள். "ஆரைப் பத்தியும் நல்லா விசாரிப்பாரு. ஆனா இவரிட்ட மட்டும் ஆரைப் பத்தியும் விசாரிச்சிராதீங்க."